நூறு வாட் எழில்

உலகத்தின் சூட்டைத் தணிக்கும் திருப்பணி 2008ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. உலகத்தாரின் தீபாவளிக்கு நெருப்புத் தயாரித்துக் கொடுத்து அனுபவம் பெற்ற வெள்ளைத்துரை முதலாளி, அப்பணியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

சூலக்கரைக்கு அப்பால் அவர் ஒரு 'தரவு மையம்' எழுப்பினார். உள்ளே நூற்றுக்கணக்கான கணிப்பொறிகள் ஓயாமல் ஓடும். அவற்றுக்கு வியர்க்காதபடி குளிரூட்டிகளும் ஓயாமல் ஓடும். இருந்தும் கட்டடம் 'பசுமை'யாக விளங்கும். பசுமைச் சான்றிதழ் கிடைத்தால்தான் வெளிநாட்டு ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் அவருடைய பட்டாசு ஆலை போர்மேன் மணிமுத்துவின் மகள் எழிலுக்கு அங்கே வேலை நிலைக்கும். இல்லையேல், கணிப்பொறி படித்த அந்தப் பெண் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறைக்கே திரும்ப வேண்டும். ஆகவே உலக வெப்பத்தைப் பற்றி மணிமுத்துவும் மிகுந்த கவலையோடிருந்தார்.

'ஆற்றல் மாதிரி' செய்யச் சென்னையிலிருந்து சீனிவாசகம் வந்தார். ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை, அது தின்பதற்கு முன்பே கணித்துச் சொல்லும் மேலான கலை அது. ஒப்பிடுவதற்காக முதலில் ஒரு மோசமான கட்டடத்தைக் கற்பனையில் கட்டினார். அதன் கூரையைக் கறுப்பாக்கினார். சன்னல்களில் வெயிலை அள்ளிக் கொட்டினார். கற்பனைக் கட்டடம் கெடக்கெட, நிஜக் கட்டடம் உத்தமமாகிக்கொண்டே போயிற்று. அப்படியும் சான்றிதழுக்கு ஒரு புள்ளி குறைந்தது.

"இன்னுங் கொஞ்சம் மோசமாக் கட்டுங்களேன்," என்றார் வெள்ளைத்துரை.

"இதுக்கு மேல கெடுத்தா இடிஞ்சிடும் சார்."

"கற்பனைதானங்க, இடிஞ்சா என்ன?"

சீனிவாசகம் தலையைச் சொறிந்தார். "உள்ளே இருக்கிற ஆட்களும் சூடுதான் சார். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு எரியற மாதிரி."

எழில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அப்பாவிடம் திரும்பினாள். "யப்பா, கரண்டு போனப்பல்லாம் என்னைய ஏத்தி வச்சிருக்கலாம்ல?"

சான்றிதழ் அதிகாரி வரும் நாள் வந்தது.

இங்கே மணிமுத்துவின் நிருவாகத் திறமையைச் சொல்லியாக வேண்டும். பட்டாசு அறை ஒன்றில் நால்வர் இருக்கலாம் என்பது சட்டம். பதினால்வர் இருப்பது வழக்கம். சோதனை ஜீப் தூரத்தில் தெரிந்ததும் மணிமுத்து விசிலடிப்பார். பத்துப் பேர் பின்வாசல் வழியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் 'பொதுமக்கள்' ஆகிவிடுவார்கள். சட்டமும் வழக்கமும் இவ்வாறு ஒன்றையொன்று சந்திக்காமலேயே நட்பாக வாழ்ந்துவந்தன.

அன்று அவரைத் தரவு மைய வாசலில் நிறுத்தியிருந்தார்கள்; அங்கும் ஒரு ஜீப் தெரிந்தது. மணிமுத்துவின் விரல்கள் தாமாகவே வாய்க்குப் போயின. விசில் பறந்தது.

"ஏத்தா எழில், ஓடு! எல்லாரும் மரத்தடிக்குப் போங்க!"

"யப்பா, இது கம்ப்யூட்டர் ரூமுப்பா!"

"வெளக்கமெல்லாம் பெறகு சொல்லு. ஓடுத்தா!"

அதிகாரி உள்ளே நுழைந்தார். "ஆட்கள் எங்கே?"

"ஆளே கெடையாதுங்கய்யா. ஒருத்தரும் உள்ள வர்றதில்ல," என்றது மணிமுத்துவின் வாய், மூளையைக் கலந்துகொள்ளாமல்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதச் சூடே படாத கட்டடம்! சீனிவாசகம் அங்கேயே மாதிரியிலிருந்து மனிதர்களை நீக்கினார். குறைந்த புள்ளி வந்தது; துணைக்கு இன்னொன்றையும் அழைத்து வந்தது. சான்றிதழ் உறுதியாயிற்று. நிபந்தனை ஒன்றே ஒன்று: கட்டடத்துள் மனிதர் எவரும் பணியாற்றலாகாது.

"மொதலாளி, எம் மக வேலை..." என்று இழுத்தார் மணிமுத்து.

"ஆளே கெடையாதுன்னு நீர்தானய்யா சொன்னீரு? உம்ம மக ஒருத்திக்காக ஒலகத்தையே சூடாக்கச் சொல்றீரா?"

மறுநாள் உச்சி வெயிலில், மருந்து அறையில் பதினைந்தாவது ஆளாக எழில் உட்கார்ந்தாள். மேலே தகரக் கூரை, சுற்றிலும் வெடிமருந்து.

"யப்பா, இங்கன இப்ப எம்புட்டு பல்பு எரியுது?"

அந்த அறைக்கு இதுவரை யாரும் 'ஆற்றல் மாதிரி' செய்ததில்லை. செய்வானேன்? சூட்டினால் கெட்டுப்போகக்கூடிய இயந்திரம் எதுவும் அதற்குள் இல்லையே.