நீ பாடி முடிக்கும்வரை

அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று பதிப்பாளர் அனுப்பிய தாள்களில், ஐந்தாம் பக்கத்திலேயே கண்ணாடிக் கடைக்காரர் மாட்டிக்கொண்டார். காலமான மனைவி எழுதிவைத்த கவிதைகள் அவை.

"விடியலில் நீ பாடி முடிக்கும்வரை
அடுப்பைப் பற்றவைப்பதில்லை நான்.
அது சீறும் சத்தம்கூட
உன் குரலுக்குக் குறுக்கே வர வேண்டாம்."

அவருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்திலேயே, 'நீ வாயை மட்டும் அசை' என்று சொல்லி ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். காலை டீ தாமதமாகிறதென்று மனைவியிடம் எத்தனையோ நாள் கத்தியிருக்கிறார். காரணம் இப்போதல்லவா தெரிகிறது. எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் விடியற்காலையில்தான் சாதகம் செய்வார்.

கவிதைகளைப் பதிப்பாளரிடம் சேர்த்த மச்சினனுக்குப் போன் போட்டார்.

"இதுல வர்ற 'நீ' யாருப்பா?"

"கவிதைதானே அத்தான், விடுங்க. நீங்க பாட மாட்டீங்க. வேற யாராவது இருக்கும்."

ஆறுதல் சொல்வதில் மச்சினன் கெட்டிக்காரன். அடுத்து பதிப்பாளரைப் பிடித்தார்.

"அஞ்சாம் பக்கத்தை எடுத்துடுங்க."

"எப்படி சார்? புத்தகத்துக்குப் பேரே அதுதான். அட்டை அடிச்சாச்சு. வெளியீட்டு விழாவுல உங்க எதிர்வீட்டு வாத்தியார் அதைப் பாடவும் ஒத்துக்கிட்டார்."

இனி பொறுப்பதற்கில்லை. தாளும் கையுமாகத் தெருவைக் கடந்துபோய் வாத்தியார் முன்னால் நீட்டினார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

வாத்தியார் இரண்டு தடவை படித்தார்.

"என் பாட்டையா கேட்டாங்க? ஒரு ஜீவனும் கேக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேனே சார். எனக்குத் தெரியாமப் போச்சே."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். சண்டை பிடிக்கப் போனவர், தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து வாத்தியார் தாடி வளர்த்தார். சாதகம் நின்றுபோனது. ஒரு நாள் கடைக்கே வந்து, தலையைக் குனிந்தபடி, "அவங்க போட்டோ ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

துக்கத்தில் பங்கு கேட்டு ஆள் வந்துவிட்டது. கடைக்காரருக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. அவள் தன்னை ஒரு நாளாவது விரும்பினாளா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. கேட்கத்தான் அவள் இல்லை. அன்று கடையைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

விழா நாளும் வந்தது. அவர் வழக்கம்போல் கடைக்குக் கிளம்பினார். மாடிவீட்டுப் பெண் படியில் எதிர்ப்பட்டாள்.

"என்ன சார், விழாவுக்குப் போகலையா?"

"எனக்கு அங்க என்ன வேலை? பாடறவர் போவார்."

"நானே கேக்கணும்னு இருந்தேன். அக்கா போனதுல இருந்து காலையில குளிக்கும்போது நீங்க பாடறதே இல்லையே?"

"யாரு, நானா?"

"நீங்கதான். மாடி வரைக்கும் கேக்குமே. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அக்கா என்கிட்ட சத்தியமே வாங்கியிருந்தாங்க. 'பாடறது அவருக்கே தெரியாது, தெரிஞ்சா நிறுத்திடுவார்'னு."