மாமாவுக்குச் சின்னக் கிளாஸ் வேண்டாம்

பீப்பாயின் மேல் வரிசையாக நின்ற கிளாசுகளைக் கண்ட பிறகுதான் ‘டெகுஸ்தாட்சியோன்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தவச்செல்வனுக்கு விளங்கியது.

வைனை ருசிபார்ப்பது! விளங்கி என்ன பயன்? வலது பக்கம் சச்சிதானந்தன் மாமா. இடது பக்கம் ஜெயகௌரி. முன்னால் வழிகாட்டி அம்மையார் அம்ரைன், போத்தலின் தக்கையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நிலவறையின் படிக்கட்டை அடைத்துக்கொண்டு சூரிச்சிலிருந்து வந்த ஓய்வூதியக்காரர் கூட்டம். நழுவ வழியில்லை.

“தம்பி, இதென்ன, பானம் ஏதோ குடுக்கினம் போலை கிடக்கு” என்றார் மாமா.

தவச்செல்வன் லுசேர்ணில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் காய்கறி வெட்டுகிறவன். ஜெயகௌரியை அவனுக்குப் பேசியிருந்தார்கள்; மாப்பிள்ளை பார்க்க மாமாவோடு வந்திருந்தாள். பெண்ணை வளர்த்தவர் இந்தத் தாய்மாமன். லண்டனில் சைவ ஒழுக்க மன்றத்துக்குத் தலைவர். பொங்கல் விழாவானாலும் பூப்புனித நீராட்டானாலும் மைக்கைக் கையில் கொடுத்தால் குடியின் கேடுகளைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசாமல் இறங்கமாட்டார். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஒருவனுடைய படத்தில், பின்னால் எவனோ ஒருத்தனின் மேசையில் பியர்ப் போத்தல் தெரிந்தது. மற்றவன் தடிமனுக்கு இருமல் மருந்து குடித்துவிட்டு வந்து கிட்ட நின்று கதைத்துவிட்டான்.

அந்த விஷயத்தில் தவச்செல்வனுக்குப் பயமே இருக்கவில்லை. அவன் குடிப்பதில்லை. சமையலறையில் சோசுக்கு வைன் ஊற்றும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுடைய கவலையெல்லாம் வேறு. மாமாவையும் மருமகளையும் ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

யோசனை சொன்னவன் அறைத்தோழன் பாலசிங்கம். ஹோட்டல் வரவேற்பறையில் ஒட்டியிருந்த விளம்பரத்தை அவன்தான் வாசித்துக் காட்டினான்.

“பழைய பட்டணத்தை நடந்து பாக்கிறது. வழிகாட்டியும் வருவா. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் பாஷையிலைதானாம். நல்லதாய்ப் போச்சு. நீ நிண்டு மொழிபெயர். மாமா அசந்துபோவார்.”

“அது சரி, கீழை ‘மிட் டெகுஸ்தாட்சியோன்’ எண்டு கிடக்கே, அதென்ன?”

பாலசிங்கம் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன். “அது டிஸ்கஷன் மாதிரி. கடைசியிலை எல்லாரும் இருந்து கதைக்கிறது. உன்ரை மாமாவுக்குக் கதைக்கத்தானே விருப்பம்.”

அப்படித்தான் மூன்று டிக்கெட் வாங்கினான்.

காலையில் நகரசபைக் கடிகாரத்தின் கீழ் சந்தித்தபோதே மாமாவின் முகம் சரியில்லை. கம்பளிக் கழுத்துப் பட்டியை மூக்குவரைக்கும் இழுத்துச் சுற்றியிருந்தார். நடந்து ஊர் பார்க்கப்போகிறோம் என்று தவச்செல்வன் சொன்னதும் கண்ணைச் சுருக்கினார்.

“நடந்தோ? படகிலை போவமே தம்பி. எனக்குக் கால் நோகுது.”

“மெல்லமாய்த்தான் நடப்பினம் மாமா. டிக்கெட்டும் எடுத்திட்டன்.”

மாமா பெருமூச்சு விட்டார். ஜெயகௌரி ஒரு அடி பின்தங்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நேற்று முழுக்க என்னை அறையிலை விட்டிட்டு, உங்களைப் பற்றி ஊருக்குள்ளை விசாரிக்கப் போனவர். பின்னேரம் வந்து தலையிடியெண்டு படுத்திட்டார்.”

தவச்செல்வன் நடந்தபடியே யோசித்தான். யாரிடம் விசாரித்தார்? என்ன சொன்னார்கள்? தலையிடி வருகிற அளவுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

இப்போது, இந்த நிலவறையில், அம்ரைன் அம்மையார் கிளாசைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். கூட்டம் தலையாட்டிக் கேட்டது.

“என்னவாம்?” என்றார் மாமா.

“இந்தக் கட்டடம் பழசாம் மாமா.”

“இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவ?”

“ஓம். நல்லாப் பழசாம்.”

மாமாவின் கையிலும் ஒரு கிளாஸ் வந்து சேர்ந்தது. மஞ்சள் நிறத்தில் பளபளத்தது. “இதென்ன தம்பி?”

“திராட்சைப்பழச் சாறு” என்று வாயில் வந்ததைச் சொன்னான் தவச்செல்வன்.

“சாறு எண்டால் குடிக்கலாந்தானே” என்று மாமா கிளாசை வாயருகே கொண்டுபோனார்.

ஒழுக்க மன்றத் தலைவர், அதுவும் தான் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில், வாழ்க்கையில் முதல்தடவையாக வைன் குடிக்கப்போகிறார். முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிடுவார். தவச்செல்வன் எட்டி அந்தக் கிளாசைப் பிடித்தான்.

“வேண்டாம் மாமா. ஐஸ் மாதிரிக் குளிருது. உங்கடை தொண்டைக்குக் கூடாது.”

“தொண்டைக்கு ஒண்டுமில்லை, விடும்.”

“இருக்கு மாமா. பட்டியெல்லாம் சுத்தியிருக்கிறீங்கள்.”

பிடுங்கிய கிளாசை எங்கே வைப்பது? வைத்தால் மாமா எடுத்துவிடுவார். ஊற்றுவதற்கும் இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தானே குடித்தான். தன்னுடையதையும் குடித்தான். ஜெயகௌரியின் கையிலும் ஒன்று இருந்தது. அதையும் வாங்கிக் குடித்தான். புளித்துப்போன மோரில் யாரோ வாசனைத் திரவியம் கலந்ததுபோல் இருந்தது.

மாமா வெறுங் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் என்று தவச்செல்வன் நினைத்தான்.

அம்ரைன் அம்மையாருக்கோ ஒரே மகிழ்ச்சி. மூன்று கிளாசையும் ஒரே ஆளாய் முடிக்கிற விருந்தாளி எங்கே கிடைப்பான்? அவனுக்கு இன்னொன்றும் ஊற்றினார்.

வெளியே வந்ததும் தவச்செல்வன் ஒரு முடிவுக்கு வந்தான். அம்மையாரைத் தனியே பிடித்து, மாமாவுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது. ஆங்கிலத்தில் சொன்னால் மாமாவுக்குக் கேட்டுவிடும். தன் சமையலறை ஜெர்மனைத் திரட்டினான். ‘ஓங்கிள்’ என்றால் மாமா. ‘கைன்’ என்றால் இல்லை. ‘க்ளைன்’ என்றால் சின்னது. ‘பித்தெ’ என்றால் தயவுசெய்து. மாமாவுக்குச் சின்னக் கிளாசும் வேண்டாம் என்பதுதான் விஷயம்.

“ஓங்கிள், கைன் க்ளைன் கிளாஸ், பித்தெ” என்றான்.

அந்த ‘உம்’ ஜெர்மனுக்குள் வந்து சேரவில்லை. அம்மையாரின் காதில் விழுந்தது, மாமாவுக்குச் சின்னக் கிளாஸ் வேண்டாம் என்பது மட்டுமே. அவர் மாமாவை ஒருதரம் பார்த்தார். மாமா அவசரமாகத் திரும்பி ஒரு நீரூற்றை ஆராயத் தொடங்கினார். அம்மையார் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதுபோல் தவச்செல்வனின் தோளில் தட்டினார்.

இரண்டாவது நிலவறையில் எல்லோருக்கும் சின்னக் கிளாசில் சிவப்பு வைன் வந்தது. மாமாவுக்கு மட்டும் பூச்சாடி அளவில் ஒரு கிளாஸ்.

“என்ன தம்பி, எனக்கு மாத்திரம் உவ்வளவு?”

“மரியாதை மாமா. வயசுக்கு மூத்தாக்களுக்கு இஞ்சை அப்பிடித்தான்.”

“அப்ப மரியாதையை மறுக்கப்படாது” என்று மாமா இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்தார்.

“ஐயோ, வேண்டாம் மாமா. சரியான சீனி. உங்களுக்குச் சலரோகம்.”

“எனக்குச் சலரோகம் இல்லை.”

“வரப் பாக்கும் மாமா.”

கொஞ்ச நேரம் அந்தக் கிளாஸ் இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப்போய் வந்தது. மாமாவின் விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பூச்சாடியை மூன்று மூச்சில் குடித்து முடித்தபோது நிலவறையின் தூண்கள் மெல்ல ஆடின. பின்னால் நின்ற ஓய்வூதியக்காரர்கள் கைதட்டினார்கள். ஜெயகௌரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவனுக்கு நெஞ்சு உருகியது.

அடுத்தது கூரை போட்ட மரப்பாலம். கூரையின் கீழே, மனிதர்களை எலும்புக்கூடு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகும் பழைய ஓவியங்கள். அம்மையார் சொல்லச் சொல்லத் தவச்செல்வன் தமிழாக்கினான். இப்போது அவனுடைய தமிழில் தயக்கம் இல்லை.

“இந்த எலும்புக்கூடு இருக்கே மாமா, இவர்தான் ஷெஃப். சமையலறைப் பொறுப்பாளர். இந்தப் பெடியன் வெங்காயத்தைத் தடிப்பாய் வெட்டிப்போட்டான். அதுதான் இழுத்துக்கொண்டு போறார்.”

“அங்காலை ராணியையும் இழுக்கிறாரே?”

“அவவும் வெட்டியிருப்பா.”

ஜெயகௌரியால் முடியவில்லை. பாலத்தின் தடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அழவில்லை, முதலிலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று தவச்செல்வனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். ஏன் என்று தெரியாமல் ஓய்வூதியக்காரர்களும் சிரித்தார்கள். மாமா மட்டும் பட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

கடைசி இடம் கிர்ஷ். செர்ரிப் பழத்தில் வடித்த பிராந்தி, பார்த்தால் பச்சைத்தண்ணீர்தான். மற்றவர்களுக்கு விரல்நுனி அளவுக் கிளாஸ். மாமாவுக்கு, சொல்லத் தேவையில்லை, ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய.

“இது தண்ணிதானே தம்பி” மாமாவின் குரல் இரங்கி வந்தது. “இதிலை சீனியும் இல்லை, குளிரும் இல்லை. தாகமாய்க் கிடக்கு. இதையாவது குடிக்க விடும்.”

“இது தண்ணியில்லை மாமா.” தவச்செல்வனின் தலைக்குள் பொய்கள் வற்றிக்கொண்டிருந்தன. “இது… வேதக்காரற்றை மாதா கோயில் தீர்த்தம்.”

“தீர்த்தத்திலை என்ன சமயம் பாக்கிறது?” மாமா கோப்பையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இனிச் சொல்ல ஒன்றுமில்லை. தவச்செல்வன் பாய்ந்து கோப்பையைப் பறித்து அண்ணாந்து ஊற்றினான். தொண்டையிலிருந்து தொப்புள்வரைக்கும் யாரோ கொள்ளியால் கோடு கீறினார்கள். காதுக்குள் மணி அடித்தது. அருகில் நின்ற பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி மெதுவாக இறங்கித் தரையில் இருந்துவிட்டான்.

ஓய்வூதியக்காரர் இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனை வெளியே கொண்டுவந்து ஆற்றங்கரை வாங்கில் இருத்தினார்கள். வெயில் இதமாக இருந்தது. அன்னங்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. தவச்செல்வனுக்கு உலகத்தில் ஒருவரிடமும் பொய் சொல்ல மனமில்லை.

“மாமா, நான் உண்மையைச் சொல்லிப்போடுறன். முதல் குடிச்சது சாறில்லை, வைன். ரெண்டாவதும் வைன். தீர்த்தமும் தீர்த்தமில்லை, சாராயம். நான் இண்டைவரைக்கும் குடிச்சதில்லை மாமா. உங்கடை வாயிலை பட்டிடக்கூடாது எண்டுதான்…” மீதியை விக்கல் எடுத்துக்கொண்டது.

மாமா எழுந்து நின்றார். எதிரில் இருந்தது ஒரு வாங்கும் இரண்டு ஆட்களும்தான் என்றாலும், மேடையில் நிற்பவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“முப்பது வருஷம் லண்டனிலை இருந்தும் ஒரு சொட்டைத் தொடாதவன் நான். என்ரை மருமகளை ஒரு குடிகாரனுக்குக் குடுப்பன் எண்டு நினைக்கிறீரோ?”

“மாமா, அவர் குடிச்சது உங்கடை கிளாசை” என்றாள் ஜெயகௌரி.

“ஆரின்ரை கிளாசெண்டாலும் வயித்துக்கை போனது போனதுதான்.”

“அவருக்குக் குடிக்கத் தெரியாது மாமா. தெரிஞ்ச ஆள் இப்பிடிக் குடிக்கமாட்டார்.” அவள் வாங்கில் தவச்செல்வனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். “எங்களைக் காப்பாத்துறன் எண்டு விழுந்து கிடக்கிறார். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு.”

தவச்செல்வன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இரண்டாகத் தெரிந்தாள். இரண்டு பேரும் அழகாக இருந்தார்கள்.

“பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டிலும் சரி” என்றார் மாமா. “நாளைக்குப் பின்னேரம் லண்டனுக்கு ரெயில். இந்தச் சம்பந்தம் சரிவராது. ஒழுக்கம் எண்டு ஒண்டு இருக்கு. அதிலை நான் ஆருக்கும் விட்டுக்குடுக்கிற ஆளில்லை.”

ஜெயகௌரியின் முகம் சுருங்கிப்போனது. தவச்செல்வனுக்கு வெறி பாதி இறங்கிவிட்டது.

அப்போது அம்ரைன் அம்மையார் விடைபெற வந்தார். அந்த ஊர் வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். ஓய்வூதியக்காரர்களுக்குக் கொடுத்தார். ஜெயகௌரிக்குக் கொடுத்தார். தவச்செல்வனின் கையைப் பிடித்து இரண்டுதரம் குலுக்கினார். மாமா அன்னங்களைப் பார்க்கிற சாட்டில் நழுவப் பார்த்தார், அம்மையார் விடவில்லை. எட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசாத ஆங்கிலத்தில், நல்ல தெளிவாக, உண்மையான கவலையோடு கேட்டார்:

“நேற்று எங்கள் ஆங்கிலச் சுற்றில் எல்லாக் கிளாசையும் காலிசெய்து, மற்றவர்கள் மிச்சம் விட்டதையும் கேட்டு வாங்கிக் குடித்து, பாலத்தில் நின்று பாட்டும் பாடினீர்களே ஐயா, இன்றைக்கு ஒரு சொட்டும் தொடவில்லையே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?”