சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்களும், அக்காவும், இந்நேரம் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் உங்கள் தங்கையும் நலம் என்றே நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் நீங்கள் வேதியியல் வாத்தியாராக மாறிவிடுவீர்கள். இன்று பாடம் எடுக்கப்போவது நான்.

வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. உங்கள் தங்கை இல்லை, அவள் கைப்பை இல்லை, போன் அடித்தால் போகவில்லை. குளியலறை வாளியில், சோப்புத் தண்ணீரில் என் வெள்ளைச் சட்டை. நெஞ்சுக்கு நேராகச் செக்கச்செவேலென்று ஒரு கறை, சரியாக உதட்டு அளவு! நேற்று அந்த இடத்தில் இருந்தது நான் சிந்திய குழம்பின் மஞ்சள் கறை மட்டும்தான். இதைப் பார்த்துத் தப்பாக நினைத்து, கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பியிருப்பாள். அவளை யாராவது பார்த்தார்களா என்று கேட்க, கையில் சட்டையோடு வாசலுக்கு ஓடினேன். இஸ்திரிக்காரர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன சார், இந்த வயசுலயா?" என்றார். மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அதான் அவங்க விறுவிறுன்னு போனாங்களா!" என்றார். பம்ப் அறையில் என்னோடு வேலை பார்ப்பவை மூன்று மோட்டார்கள், மச்சான். அவை உதட்டுச்சாயம் பூசுவதில்லை.

அப்போதுதான் நீங்கள் ஒருநாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலேயே, விளக்கியது நினைவுக்கு வந்தது. மஞ்சள் ஒரு நிறங்காட்டி. காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழையபடி மஞ்சளாகும். சோப்பு காரம்தானே! எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கறை மஞ்சளானது. சோப்பைத் தேய்த்தேன், சிவந்தது. உதட்டுச்சாயம் எங்காவது எலுமிச்சைக்குப் பயப்படுமா?

இஸ்திரிக்காரர் நம்பவில்லை. "இந்தச் சட்டையில என்னமோ இருக்கு சார்" என்றார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், மேசைத்துணி எல்லாவற்றிலும் மஞ்சள் பூசி, சோப்புப் போட்டுக் காட்டினேன். எல்லாம் ஜோராகச் சிவந்தன. திருப்பி மாற்றுவதற்குள் எலுமிச்சம்பழம் தீர்ந்துபோயிற்று. கொடியைப் பார்த்தால் வீட்டில் கொலை விழுந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டுமே!

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கூப்பிட வரவும் மாட்டேன். அவளாக வந்து, "தப்பா நெனச்சிட்டேங்க" என்று சொல்லட்டும். அதுவரை வெறும் ரொட்டியைத் தின்றாவது காலம் தள்ளுவேனே தவிர, செய்யாத தப்புக்குத் தலை குனிய மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் நன்றாக வாழட்டும்.

இப்படிக்கு,
நிமிர்ந்த தலையோடு,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தங்கை உள்ளே வந்தாள். மூக்குக்கண்ணாடி உடைந்து, கடைக்குப் போய்ப் புதிது மாட்டிக்கொண்டு வருகிறாளாம். போனில் சார்ஜ் இல்லையாம். கண்ணாடி இல்லாமல் ஊறப்போட்டதால் கறையை அவள் பார்க்கவே இல்லை. இப்போது கொடியைப் பார்த்தாள். கடிதத்தைப் பிடுங்கி, புதுக் கண்ணாடி வழியாக இரண்டு தடவை படித்தாள்.

"நான் ஒரு வார்த்தை கேக்கலையே. அதுக்குள்ள எதுக்கு இவ்வளவு விளக்கம்? யாருங்க அவ?"

மச்சான், உடனே கிளம்பி வாருங்கள். வரும்போது எலுமிச்சம்பழம் நிறைய வாங்கி வாருங்கள்.