அர்பாபின் துப்பாக்கிக்கு ரெண்டு ரிங்

சோஹார், ஓமான்
ஆடி மாதம், 2006

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் வீரபாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை கனகாவின் வீட்டுக்காரன் நாகலிங்கம் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். என் முதலாளி, அதாவது அர்பாப், நலம். அவருடைய பேரீச்சை மரங்களும் ஆடுகளும் தண்ணீர் மோட்டாரும் நலம். அங்கு தாங்களும், தாங்கள் துப்பாக்கியுடன் வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும் பேங்கும் நலமாக இருக்க வேண்டும் என்று நம்ம அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. போன வாரம் போனில் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "பொண்ணு கல்யாணத்துக்கு லீவு வாங்கக்கூடத் துப்பில்ல, அங்க என்னத்தைக் கிழிக்கிறீக மாப்ள? பேசாம அங்கனயே கெடங்க. நான் பட்டு வேட்டி எடுத்தாச்சு. பானுப்பிரியாவை நானே தாரை வாத்துக் குடுத்துக்கிறேன்" என்றீர்கள். பின்னால் கனகா மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. பெற்றவன் நான் உயிரோடு இருக்கையில் என் மகளின் கையை இன்னொருவர் பிடித்துக் கொடுப்பதா என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. துப்பில்லாதவன் என்று சொன்னீர்களே, ஒரு துப்பாக்கியாலேயே நான் லீவு வாங்கிய கதையை இப்போது எழுதுகிறேன். பேங்க் வாசல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாக வாசிக்கவும்.

விஷயம் என்னவென்றால், கல்யாணம் வைத்திருக்கிற அதே ஆவணியில்தான் அர்பாப் தஜிகிஸ்தான் மலைக்கு மலையாடு வேட்டையாடப் போகிறார். அதனால்தான் நான் லீவு கேட்டபோது, "நான் இல்லாதப்போ தோட்டத்தை யார் பாக்கிறது நாகா? லீவு கல்லி வல்லி" என்றார். கல்லி வல்லி என்றால் இங்கே 'விட்டுத் தொலை' என்று அர்த்தம். மலையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே என்று லைசென்ஸ் எல்லாம் முறைப்படி எடுத்து, லேசான துப்பாக்கியாகப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். என்னா லேசு மச்சான்! உங்க பேங்க் துப்பாக்கியை நீங்க தோளை மாத்தி மாத்திச் சுமக்குறீகளே, இதை நம்ம பானு ஒத்தைக் கையில தூக்கிருவா. அதோடு தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழல் ஒன்றும் வாங்கினார். அதை இங்கே துர்பீல் என்கிறார்கள். உங்கள் துப்பாக்கிக்கு அதெல்லாம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அதனால் விளக்கி எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

அன்றைக்கு வெளியே போயிருந்த அர்பாப் போன் செய்து, "நாகா, துர்பீலுக்கு டூ ரிங் வேணும், ஜல்தி!" என்றார். வளைகுடாவில் ரிங் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மிஸ்டு கால். நம் வீட்டிலேயே கணக்கு இருக்கிறதே, ஒரு ரிங் விட்டு நான் கட் பண்ணினால் நலம், ரெண்டு ரிங் விட்டால் லீவு கிடைத்துவிட்டது, யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. நான் இங்கே வந்ததிலிருந்து ஒற்றை ரிங்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை. எனவே நான் உடனே அர்பாப் நம்பருக்கு அடித்து, கணக்காக ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணினேன். அவர் திருப்பி அடித்தார். "ரிங் எங்கே?" "குடுத்துட்டேன் அர்பாப்." "யாருக்குக் குடுத்தே?" "உங்களுக்குத்தான் அர்பாப், இப்பத்தானே அடிச்சேன்." அந்தப் பக்கம் அவர் யாரிடமோ அரபியில் ஏதோ கேட்டார். பிறகு, "லோ ரிங் நாகா, லோ! ஹை வேண்டாம்னு சொல்றாங்க, கடையில கேக்கணும்" என்றார். சத்தத்தைக் குறைக்கிறது உங்க போன்லதான் இருக்கு அர்பாப் என்று மரியாதையாகவே சொன்னேன். மறுநாள் என்னையே வண்டி ஓட்டச் சொல்லி மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வேட்டைச் சாமான் கடையில் நிற்கிறவர் நம்ம கீழக்கரை சாதிக் பாட்ஷா. தமிழ் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பரப்பி வைத்து, "நாகலிங்கம், இது கையில போடுற மோதிரமும் இல்ல, போன்ல அடிக்கிற ரிங்கும் இல்ல. துப்பாக்கி முதுகுல மவுண்ட்டுனு ஒரு பட்டையைத் திருகி வைக்கணும். அது மேல ரெண்டு ரிங். அந்த ரிங்குக்குள்ள துர்பீல் அசையாமப் படுத்துக்கிடணும்" என்றார். "அட, பைப்புக்குப் போடுற கிளாம்பு!" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, கிளாம்புதான்" என்று ஒப்புக்கொண்டார். மச்சான், கிளாம்பு என்று ஆன பிறகு என்னிடம் யார் பேச முடியும்? அர்பாப் தோட்டத்துப் பைப் அத்தனைக்கும் கிளாம்பு மாட்டியவன் நான்தான். ஒரு சொட்டு ஒழுகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

போனில் லோ என்று கத்திய அர்பாபுக்கு, நேரில் பார்த்ததும் பளபளவென்று கனத்த இரும்பில், உயரமாக இருந்த ரிங் மேல் ஆசை. நான் குறுக்கே விழுந்துவிட்டேன். "அர்பாப், மலையேறத்தானே லேசான துப்பாக்கி வாங்குனீங்க? அது தலையில இரும்பை ஏத்தி வச்சா அப்புறம் என்ன லேசு? அலுமினியம் போதும். ரிங் உசரமா இருந்தா மதில் சுவத்துக்கு மேல எட்டிப் பாக்கிற மாதிரி கழுத்தை நீட்டணும். தாழ்வா இருந்தாத்தான் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில சாச்சதும் கண்ணு நேரா குழலுக்குப் போகும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியிலும் அரபியிலும் கைச் சைகையிலும் எடுத்துவிட்டேன். சாதிக் பாய், "அவரு சொல்றது சரிதான் அர்பாப். ரொம்பத் தாழ்ந்து குழல் துப்பாக்கி இரும்புல இடிக்கக் கூடாது, ஒரு காகிதம் நுழைஞ்சாப் போதும்" என்றார். அர்பாப் என் தோளில் தட்டினார். கடைக்குள் நாலைந்து அரபிகள் நின்றார்கள், எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தாங்கள் பக்கத்தில் இல்லாமல் போனீர்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

சாதிக் பாய் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். "நான் இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு பாய் சிரமம்?" என்று சாமானை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்து, "லேசான துப்பாக்கி பலமா உதைக்கும். கண்ணுக்கும் குழலுக்கும் நடுவுல நாலு விரல் இடம் விடுங்க, மறந்துராதீங்க" என்றார். சரி சரி என்றேன். கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பயம் காட்டித்தான் அனுப்புவார்கள், மோட்டார்க் கடைக்காரனும் இப்படித்தான்.

தோட்டத்துக்கு வந்து, அர்பாப் குண்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு எதிரில் உட்கார, நான் வேலையை ஆரம்பித்தேன். மவுண்ட்டைத் திருகி, மேலே ரசமட்டம் வைத்து, அந்தாண்டை ஈச்ச மரத்தில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழலுக்குள்ளே தெரிகிற சிலுவைக் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும்வரை திருப்பினேன் பாருங்கள், கொத்தனார் வேலை பார்த்த காலத்தில்கூட நான் அவ்வளவு சுத்தமாகச் சுவர் வைத்ததில்லை. எனக்குத்தான் இப்போது கிட்டப் பார்வை மட்டு ஆயிற்றே, அதனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பளிச்சென்று தெரிகிறவரைக்கும் குழலை நன்றாகப் பின்னால் இழுத்து வைத்து இறுக்கினேன். அர்பாப் எடுத்துப் பார்த்தார். "ஜேன் நாகா, ஜேன்!" என்றார், அருமை என்று அர்த்தம். தூரத்து ஈச்சங்குலையில் உட்கார்ந்திருக்கும் ஈயின் கால்கூடத் தெரிகிறதாம். காலைப் பற்றி அவர் சொல்லவில்லை, ஈயை மட்டும்தான் சொன்னார், கால் நான் சேர்த்தது.

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "அர்பாப், எனக்கு ஒத்தைப் பொண்ணு. கையைப் பிடிச்சுக் குடுக்க அப்பன் வேணும்" என்றேன். சொல்லிவிட்டு, திருப்புளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன் மச்சான். அவர் துப்பாக்கியைத் தடவிக்கொண்டே, "நாளைக்குச் சுட்டுப் பார்க்கிறேன். சரியா இருந்தா, இன்ஷா அல்லாஹ், நீ போ" என்றார். சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? மாட்டியது யார்? ஆகவே லீவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லவும். தாங்கள் எடுத்த பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைக்கவும். துப்பாக்கி விஷயத்தில் இனி ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னிடம் தாராளமாகக் கேட்கலாம், சொந்தக்காரர் என்று சொல்லித் தருகிறேன்.

மற்றபடி பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, தங்கள் துப்பாக்கிக்கு என் அனுதாபம். மழை பெய்து கண்மாய் பெருகி எல்லோரும் குறைவில்லாமல் இருக்க அய்யனார் காப்பாராக.

இப்படிக்கு,
அர்பாபின் துப்பாக்கிக்கு ரிங் தேர்ந்தெடுத்த
மா. நாகலிங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அர்பாப் சுட்டுவிட்டார். குறி தப்பவில்லை, வைத்த கல் தூள் தூள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆனால் துப்பாக்கி பின்னால் உதைத்ததில் குழலின் விளிம்பு வந்து அர்பாபின் புருவத்தில் பிறை மாதிரி வெட்டிவிட்டது. சாதிக் பாய் சொன்ன நாலு விரல்தான், வேறொன்றுமில்லை. நானே வண்டியோட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். போகிற வழியெல்லாம் அரபியில் கழுதை என்றார், வருகிற வழியெல்லாம் இந்தியில். வீட்டில் இறங்கியதும் சாதிக் பாய்க்குப் போன் போட்டு உடனே வந்து பிரித்து மாட்டச் சொன்னார். அப்புறம் கட்டுப் போடாத கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு, "நாகா, நான் ஆட்டைச் சுடறதுக்குள்ள நீ என்னை முடிச்சிருவே. தோட்டம் கல்லி வல்லி. என் தம்பி பாத்துக்குவான். யல்லா, இந்த வாரமே ஊருக்குப் போ. நான் மலையிலிருந்து திரும்பி வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்றார். அவர் திரும்பி வர ரெண்டு மாசமாகும். ஒரு மாசம் கேட்டவனுக்கு ரெண்டு மாசம்!

ஆகையால் மேலே துப்பாக்கியைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும், யாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம். வேட்டி விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும். இப்போதுதான் வீட்டுக்கு ரெண்டு ரிங் விட்டேன். கட் பண்ணுவதற்குள் பானு எடுத்துவிட்டாள். எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் எடுத்தாள். "அப்பா, ரெண்டுதானே? நான் சரியாத்தானே எண்ணுனேன்?" என்றாள். ரெண்டுதான் தாயி என்றேன். கார்டில் இருந்த காசெல்லாம் தீருகிற மட்டும் ரெண்டு பேரும் அழுதோம்.