பாட்டுக்காரம்மா பங்களாவைத் திரும்பக் கேட்டு

வேங்கிக்கால்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் ஆயுளும் குறையாதிருக்க வேண்டிய மைத்துனன் சுப்பிரமணிக்கு, உன் அக்காள் புருஷன் ராஜமாணிக்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். முட்டி வலியும் மன வலியும் தவிர வேறு குறையில்லை. அங்கு கீழ்பென்னாத்தூரில் நீயும் தங்கம்மாளும் சுகமா, மல்லாட்டை பிடுங்கி முடிந்ததா, மழை ஏமாற்றாமல் பெய்ததா என்று அறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் தங்கம்மாள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். உன் களத்தில் அந்த மல்லாட்டைக் கடலையை ஆய்கிற பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இது களத்தில் பேசுகிற விஷயமில்லை. பங்களாவைக் கொடுத்தது தப்பு. அதைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு உன் கையெழுத்து வேண்டும்.

உன் அக்கா ராஜம்மாள் போன பிறகு அந்தச் செங்கம் ரோடு பங்களாவில் நான் ஒண்டியாகக் கிடந்தது உனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியை எந்த அறையில் வைத்தேன் என்று தேடியே பொழுது போய்விடும், கிடைக்கும்போது இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்து அறக்கட்டளைக்காரர்கள் மாலையும் சால்வையுமாக வந்து, "அம்மா பாடின வீடு மக்களுக்குச் சொந்தமாகணுங்க" என்றார்கள். நான் உருகிப்போனேன். ஊரே பாட்டுக்காரம்மா பங்களா என்று கூப்பிடுகிற வீடு, அது அருங்காட்சியகம் ஆனால் நமக்குப் பெருமைதானே என்று தலையை ஆட்டினேன். நீ ஒருவன்தான் சால்வையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா, வூட்ட குடுத்துட்டு நீங்க எங்க போவப் போறீங்க?" என்று கேட்டாய். மனை உங்கள் அப்பா உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைத்தது என்பதால் நீயும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போடும்போது, "ஒரு வருஷத்துக்குள்ள நாங்க ரெண்டு பேரும் சேந்து கேட்டா திருப்பிக் குடுத்துடணும்" என்று ஒரு ஷரத்தையும் பத்திரத்தில் ஏற்றவைத்தாய். இவன் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவன் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திறப்பு விழாவுக்கு நீ வரவில்லை, அதனால் உனக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நட்டு, மாளிகையின் வரலாறு என்று எழுதியிருக்கிறார்கள். மேல்மாடி பால்கனி வளைந்திருக்கிறதல்லவா, அது அம்மையாரின் கமகத்தைக் கட்டடக் கலையில் வடித்த வடிவமாம். கமகமாவது ஒன்றாவது! அங்கே நின்ற வேப்பமரத்தை வெட்டக் கூடாது என்று உன் அக்கா அடம்பிடித்தாள், மேஸ்திரி மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார், அவ்வளவுதான். மலேசியாக் கச்சேரிக்குப் போய்வந்து மாடி கட்டினோம், கொழும்புக்குப் போய்வந்து மொசைக் தரை போட்டோம், அவளுக்குத் தொண்டை கட்டிப்போன வருஷம் சுற்றுச்சுவர் பாதியில் நின்றது. அந்த வீட்டின் வரலாறு அதுதான். பலகையில் அதெல்லாம் கிடையாது. விடியற்காலையில் பால்கனியில் நின்று மலையைத் தரிசித்தபடி பாடுவார் என்று இருக்கிறது. உன் அக்கா எட்டு மணிக்கு முன்னால் எழுந்து நீ எப்போதாவது பார்த்ததுண்டா? அந்தப் பால்கனியில் வடகம்தான் காய்ந்தது. உள்ளே சாதக அறை என்று மஞ்சள் விளக்குப் போட்டு ஓர் அறை வைத்திருக்கிறார்கள், அது நீ அனுப்புகிற மல்லாட்டை மூட்டைகளை அடுக்கி வைத்த அறை. அவள் சாதகம் செய்ததெல்லாம் சமையலறையில். பாத்திரங்களுக்கு நடுவே பாடினால் குரல் சுத்தமாகத் திரும்பி வருகிறது என்பாள். இப்போது சமையலறையைப் பூட்டி, உள்ளே துடைப்பமும் பினாயிலும் வைத்திருக்கிறார்கள்.

என் சாய்வு நாற்காலியைப் பற்றிச் சொன்னால் உனக்கே கோபம் வரும். நான் பேப்பர் படித்துத் தூங்கித் தூங்கிப் பள்ளம் விழுந்த நாற்காலி அது. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, அம்மையார் ராகங்களைச் சிந்தித்த இருக்கை என்று எழுதியிருக்கிறார்கள். கால் வலித்ததால் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. உடனே வாசல் காவலர் சாந்த் பாஷா விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனுஷர், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர். "ஐயா, ஏந்துருங்க ஐயா, கேமரா பாத்துனு கீது, என் வேல பூடும்" என்று கெஞ்சினார். எழுந்தேன். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் என்னுடைய குரங்குக் குல்லாய் இருந்தது. வடநாட்டுச் சுற்றுப்பயணத்தில் அம்மையார் அணிந்தது என்று அதற்கு ஒரு சீட்டு. சுவரில், கல்யாணமான புதிதில் மதராஸில் நாங்கள் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட போட்டோ. அதன் கீழே, அம்மையார், அடையாளம் தெரியாத ரசிகர் ஒருவருடன், என்று எழுதியிருக்கிறது. நான் ரசிகன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அடையாளம் தெரியாமலா போய்விட்டேன்?

நேராகப் பொறுப்பாளரிடம் போனேன். அபிநயா என்று ஒரு பெண், சங்கீதத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள், மரியாதை தெரிந்தவள், என் வீட்டிலேயே எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க சொல்றது நெஜமாவே இருக்கலாங்க. ஆனா அந்தக் குல்லாய்க்கு ஆதாரம் எதுனா இருக்குதுங்களா?" என்றாள். குல்லாய்க்கு என்ன ஆதாரம் இருக்கும்? "என் தலதாம்மா ஆதாரம், எடுத்தாந்து மாட்டிப் பாரு" என்றேன். "கண்ணாடிப் பெட்டியத் தொறக்கறதுன்னா கமிட்டி கூடணுங்க சார்" என்று வருத்தப்பட்டாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள், நடிக்கவில்லை. அதனால் என்னால் சண்டையும் போட முடியவில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். கூடத்து நடுவில் உன் அக்காவுக்கு ஒரு பைபர் சிலை வைத்திருக்கிறார்கள். மடியில் தம்பூரா, நெற்றி நிறைய விபூதி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன சித்திரைப் பௌர்ணமிக்கு, வெளியூர்க்காரர்களும் பார்க்கட்டுமே என்று மாலையிலும் திறந்து வைத்தார்கள். கிரிவலக் கூட்டம் செங்கம் ரோட்டில் எப்படி நகரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்குப் போட்ட வாசல், செருப்பை வெளியே விடவும் என்று அறிவிப்பு, உள்ளே கண்மூடிய அம்மாள். நம் ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்? யாரோ சித்தரம்மாளின் ஜீவசமாதி என்று கூட்டம் உள்ளே திரும்பிவிட்டது. சாந்த் பாஷா டிக்கெட் வாங்கச் சொன்னதும் அவர்களுக்குச் சந்தேகமே போய்விட்டது. "சிறப்பு தரிசனம் தனி க்யூவா?" என்று கேட்கிறார்கள். அவர், "கோயில் இல்லீங்க, மியூசியம்ங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், பின்னால் வருகிறவர்களுக்கு அது அரோகரா என்று கேட்டு, அவர்களும் அரோகரா என்கிறார்கள். கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். தம்பூராவில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். "ஐயா, கூட்டம் ஜாஸ்தி, நான் ஒர்த்தன் இன்னா பண்றது?" என்று பாஷா என்னிடம் வந்து நிற்கிறார், நான் என்ன செய்ய?

நான் செய்த ஒரே காரியம், கால் கடுத்ததால் சிலையின் பீடத்தில் உட்கார்ந்தது. வெள்ளை வேட்டி, சோம்பலில் மழிக்காமல் விட்ட தாடி. ஓர் அம்மாள் விபூதித் தட்டை என் முன்னால் நீட்டி, "சாமி, பொண்ணுக்கு வரன் தள்ளிக்கினே போவுது, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். "நான் சாமி இல்லம்மா. இவங்க என் சம்சாரம்" என்றேன். அவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா, தெய்வத்தையே சம்சாரம்னு சொல்றாரு. பெரிய சித்தருங்க" என்று சொல்லி நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஆளை அனுப்பினால் போதுமென்று வந்தவர் நெற்றியிலெல்லாம் விபூதி பூசினேன். அடுத்த பௌர்ணமிக்கு அதே அம்மாள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, மாப்பிள்ளை பெயர் விமல்ராஜ், அம்மன் கொடுத்த வரன், சாமி வந்து ஆசீர்வாதம் பண்ணணும் என்று சிலையின் காலடியில் வைத்தாள். அவ்வளவுதான், கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. அபிநயா அழாத குறையாக, இது வழிபாட்டுத் தலம் அல்ல என்று பெரிதாக ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினாள். அந்தப் பலகைக்கும் பொட்டு வைத்துப் பூ போட்டிருக்கிறார்கள்.

சுப்பிரமணி, நீ சிரிப்பாய். தங்கம்மாள் இன்னும் ஜாஸ்தியாகச் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கொஞ்சம் நான் சொல்வதையும் கேள். உன் அக்கா பாடின காலத்தில் ஊர் ஊராக அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், எனக்கு அதில் ஒரு நாளும் மனக்குறை வந்ததில்லை. ஏனென்றால் கச்சேரி முடிந்ததும் அவளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நகையைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, "இன்னாங்க, இப்படிப் பசிக்குது" என்பாள். அந்த ராஜத்தை எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அவளைப் பாதி அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது, பாதி பக்தர்கள் எடுத்துக்கொண்டார்கள், எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஏமாற்றியும் வாங்கவில்லை. நானே சால்வையைப் போர்த்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த வேங்கிக்கால் பிளாட்டில் யாரும் இல்லை, சத்தம் என்றால் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்தான். சில நாள் அது நின்றுபோனால்கூட எனக்கு என்னவோ போலிருக்கிறது.

ஆகையால் நீ சொன்ன ஷரத்து இருக்கிறதே, அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் ஆயுள். வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடு. வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டேன், இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். வீட்டைத் திரும்ப வாங்கித் தனியாளாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதே. வந்துவிடு.

தங்கம்மாளுக்கு என் ஆசீர்வாதம். மகள் அருணாதேவிக்குச் சுகப்பிரசவம் ஆக அண்ணாமலையார் கூடவே நிற்கட்டும். உன் வீட்டில் நெல்லும் கடலையும் குறையாதிருக்கட்டும், உனக்குச் சர்க்கரை மட்டும் குறையட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும் மாமன்,
ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: இதை எழுதுவது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையே தபாலில் சேர்த்திருக்க வேண்டியது. கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அபிநயா போன் செய்தாள். சமையலறைப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் கிடைத்ததாம், அதில் இருப்பது அம்மையார் குரல்தானா என்று வந்து சொல்ல வேண்டுமாம். போனேன். போட்டாள். காம்போதி. பின்னணியில் கரண்டிச் சத்தம். அருமையாக மேலே ஏறிக்கொண்டிருக்கிற இடத்தில் பாட்டு சட்டென்று நின்றது. "ஏங்க, பால் பொங்குது, அடுப்ப கம்மி பண்ணுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? காது கேக்குதா இல்லியா?" அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவளே போய் அடுப்பைத் தணித்திருக்க வேண்டும். திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே காம்போதியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

"யார சார் இப்படித் திட்டறாங்க? சமையல்காரரையா?" என்றாள் அபிநயா. "என்னத்தாம்மா" என்றேன். அவள் சங்கடப்பட்டு, "அந்த எடத்த மட்டும் கட் பண்ணிட்டு, மத்ததப் பார்க்க வர்றவங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னு இருக்கறோங்க" என்றாள். "கட் பண்ணாதம்மா. இது ஒண்ணு செஞ்சா போதும். கமகம் கமகமாவே இருந்துட்டுப் போவட்டும், குல்லாய் அவளுதாவே இருந்துட்டுப் போவட்டும், நான் எதையும் கேக்க மாட்டேன்" என்றேன். ஒப்புக்கொண்டாள். மறுநாளே சமையலறையைக் காலி செய்து, அங்கேயே ஸ்பீக்கர் வைத்துவிட்டாள்.

எனக்கும் போனில் ஏற்றிக் கொடுத்தாள். பிளாட்டில் போட்டுக் கேட்டேன், நன்றாகவே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் உன் அக்காவுக்கு என்றைக்குமே குரல் எழும்பாது. அங்கே கூட்டம் நிற்கிறது, அவள் திட்டுகிற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், பெண்கள் பக்கத்தில் நிற்கும் புருஷன்மாரை முழங்கையால் இடிக்கிறார்கள். அவளுக்கு அதெல்லாம் எவ்வளவு பிடிக்கும்! பங்களாவைத் திரும்ப வாங்கினால் அவ்வளவு ஜனத்தை நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்? ஆகையால் வியாழக்கிழமை நீ வர வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம்.

காது கேக்குதா இல்லியா என்று அவள் கேட்ட பிறகு டேப்பில் ஒரு சின்ன இடைவெளி வருகிறது. அன்றைக்கு நான் பதிலே சொல்லவில்லை. இப்போது தினமும் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "கேக்குது ராஜம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.