ஹெல்மெட்டில் குடிவந்தவர்கள்

"அந்த அணில் குட்டிங்கள எடுத்து வெளிய போடு. எனக்கு ஹெல்மெட் வேணும்!"

ஆதிமூலம் போட்ட சத்தத்தில், தோசைத் திருப்பியும் கையுமாகக் கொல்லைப்பக்கம் ஓடி வந்தாள் ரேணுகாம்பாள். துவைக்கிற கல்லுக்கு மேலே, ஆணியில் வாளி மாதிரித் தொங்கிய கணவரின் ஹெல்மெட்டுக்குள் தேங்காய் நாரும் பஞ்சுமாக ஒரு கூடு. அதில் கண் திறக்காத மூன்று குட்டிகள். சுவர்மேல் தாய் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியது.

"பச்ச மண்ணுங்க. மேல கைய வச்சுத்தான் பாருங்களேன்!"

"ஹெல்மெட் என்னுது!"

"இப்ப அதுங்களுது. தானா ஓடுற வரைக்கும் ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."

மாசக் கடைசியில் புது ஹெல்மெட்டுக்கு வழியில்லை. ஆதிமூலம் முணுமுணுத்தபடி வெறுந்தலையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார். கீழ்பென்னாத்தூர் உரக்கடையில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை. பஸ் ஸ்டாண்டுச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் போக்குவரத்துக் காவலர் மாறன் மடக்கி அபராதம் போட்டுவிட்டார்.

"பாத்தியா? எல்லாம் உன் அணிலால வந்தது!" வீடு திரும்பியதும் குதித்தார் ஆதிமூலம்.

அதற்கெல்லாம் அசருவாளா? பக்கத்து வீட்டு எல்லம்மாளிடம், அவள் மகளுடைய ஹெல்மெட்டை இரவல் வாங்கி வந்தாள் ரேணுகாம்பாள். ரோஸ் நிறம், பட்டாம்பூச்சிப் படம். ஆதிமூலத்தின் தலையில் அது எப்படியோ இறங்கியது. திரும்ப ஏறத்தான் மறுத்துவிட்டது. கடையில் இரண்டு பேர் பிடித்து இழுத்தும் பயனில்லை. அன்று முழுக்கப் பட்டாம்பூச்சியோடேயே கணக்கு எழுதிவிட்டு வீடு வந்தார். நல்லெண்ணெயை ஊற்றித்தான் கழற்ற முடிந்தது.

எண்ணெய் வழிந்த ஹெல்மெட்டைப் பார்த்த எல்லம்மாள் பேச்சை நிறுத்தினாள். வீட்டுக்குள்ளேயே வளர்த்த பூனையை வேறு கொல்லைப்பக்கம் திறந்துவிட்டாள்.

அப்புறம் ரேணுகாம்பாளுக்கு ஏது நிம்மதி? விளக்குமாறும் கையுமாகத் துவைக்கிற கல்லிலேயே காவல். அடுப்பில் சாம்பார் தீய்ந்தது. இடுப்பு விட்டுப்போனது. பேசாமல் கூட்டை எடுத்துக் கொல்லையில் நிற்கும் கொய்யா மரத்திலேயே வைத்துவிடலாமா என்று அவளே யோசித்த நேரத்தில், ஆதிமூலம் ஸ்டூலோடு வந்தார்.

"உன் ரோதனை ஜாஸ்தியாப் போச்சு. இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்!"

"போடுங்க பாக்கலாம்! கூடவே உங்க துணிமணியும் வெளிய வரும்!"

ஸ்டூல் இருந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் ஆதிமூலம் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். மறுபடி மாறனிடமே மாட்டினார்.

"ரெண்டாவது தபா! இனிமே அந்தக் கூடு..."

"அந்தப் போலீஸ்காரர்கிட்ட நானே பேசிக்கறேன்."

ஆதிமூலத்தின் முகம் வெளுத்தது. "நீ வரவே வேணாம்!"

அதோடு முடிந்தது. அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

சந்திப்பின் நடுவில் மாறனைப் பிடித்துக்கொண்டாள். "சார், பச்சக் குட்டிங்கள நடுத்தெருவுல எறியச் சொல்றீங்களா? நீங்க எத்தினி தபா பிடிச்சாலும் சரி, அந்த ஹெல்மெட்ட நான் எடுக்கமாட்டேன். கட்டினவரே தெனம் தூக்கிப் போடச் சொல்றாரு. அவருக்கே நான் அடங்கல!"

பஸ்கள் ஹாரன் அடித்தன. பழக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஆதிமூலம், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாறன் அதைக் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தெரியும்மா. காத்துல விழுந்த கூட்டை ஹெல்மெட்டுல எடுத்து வச்சதே சாருதானாமே! 'வச்சுக்கலாம்னு நான் சொன்னா எம்பொண்டாட்டி தூக்கிக் கடாசிடுவா. கடாசுன்னு சொன்னாத்தான் கட்டிக் காப்பா'ன்னு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு!"