கேடயம் வாங்கிய தீவு

கடல் நடுவே ஏழு தீவுகள் சேர்ந்த ஒரு நாடு இருந்தது. அதில் மிகச் சிறியது பாசிமேடு. ஒருவர் தும்மினால் ஊரே ‘நூறு வயசு’ என்று வாழ்த்தும். அவ்வளவுதான் ஊர்.

முன்னொரு சமயம் தலைநகர்த் தீவிலிருந்து ஆணை வந்தது: ‘பிள்ளை அதிகம் பெறாதீர்!’ மற்ற தீவுகள் ஆணையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தொட்டில் கட்டின. பாசிமேடு மட்டும் கீழ்ப்படிந்தது. பரிசாக ஒரு பித்தளைக் கேடயம் கிடைத்தது. பெற்ற சில பிள்ளைகளும் வளர்ந்து, பிழைப்புக்காகத் தலைநகருக்குப் படகேறினார்கள். கேடயம் ஊரிலேயே இருந்தது.

இப்போது அடுத்த ஆணையோடு அமைச்சர் மகுடாபதியே பாசிமேட்டில் வந்து இறங்கினார்.

“வரும் பௌர்ணமியன்று தலை எண்ணப்படும். தலைக்கேற்பத்தான் நாட்டுச் சபையில் நாற்காலி. நூறு தலை இல்லாத தீவுக்கு நாற்காலி கிடையாது. அரசாங்கப் படகும் நிற்காது.”

அந்தச் சபைக்குப் பாசிமேடு அனுப்பும் ஒரே உறுப்பினரான செவந்தி, கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்தாள். “குறைச்சுப் பெத்துக்கச் சொன்னதே நீங்கதானேய்யா?”

“அதற்குத்தான் கேடயம் தந்தோமே அம்மா!”

“வெளியூர் போன எங்க ஜனம்?”

“அன்று எவர் எங்கே நிற்கிறாரோ, அங்கேதான் கணக்கு. சட்டம் சட்டம்தான்.”

செவந்தி சிரித்தாள். அமைச்சருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அன்றே வெளியூர் போனவர்களுக்கெல்லாம் செவந்தியின் சேதி பறந்தது: ‘பௌர்ணமியன்று என் மகளுக்கு வளைகாப்பு. வராதவங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்.’

பௌர்ணமி. கடலே தெரியவில்லை. அத்தனை படகுகள்! தலைநகரின் கொத்தனார்கள், சமையல்காரர்கள், தாதிகள் எல்லாம் கணவன், மனைவி, மாமியார் சகிதம், தலைநகரையே காலி செய்துவிட்டுக் குதித்து இறங்கினார்கள். ஒரு பக்கம் குலவை, ஒரு பக்கம் பந்தி. எண்ண வந்த அதிகாரியும் இலை முன் உட்கார்ந்துதான் எண்ணினார்.

கடைசிப் படகில் மகுடாபதி. மூச்சிரைத்தது.

“வடிவு! தலைநகரில் அடுப்பெரிக்க ஆளில்லை. கிளம்பு!”

பாசிமேட்டில் பிறந்து அமைச்சருக்கு வாக்கப்பட்ட வடிவு, கை நிறைய வளையலோடு திரும்பினாள். “பொறந்த ஊருக்கு வந்திருக்கேன். கத்தாம உக்காந்து சாப்பிடுங்க.”

அதிகாரி பணிவாகக் கனைத்தார். “ஐயாவும் இப்போது இங்கேதான் நிற்கிறீர்கள். சட்டம் சட்டம்தான்.” எண்ணிக்கையில் ஒன்று கூட்டினார். “அங்கே எண்ணியவர்கள் சேதி அனுப்பிவிட்டார்கள். தலைநகருக்குத்தான் நூறு தேறவில்லை.”

“அநியாயம்!” அலறினார் மகுடாபதி. “தலையை எண்ணியா நாற்காலி கொடுப்பது? எங்கள் தீவின் கதி?”

செவந்தி உள்ளே போனாள். கேடயத்தை முந்தானையால் பளபளவென்று துடைத்து எடுத்துவந்தாள்.

“தலையைக் குறைச்ச தீவுக்குத்தானேய்யா இது? ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க.”